ஆலைப் பிரதேசத்தில் ஆயர் பணி: சோர்வும் திடனும்

வினாவும் எல்லையும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சுங்குவார்சத்திரம் வரையிலும், வல்லம், வடகால், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சுற்றியும் பரந்து கிடக்கின்ற ஆலைப் பிரதேசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், மூலதனத்தையும் ஏற்றுமதியையும் பற்றி எழுதுகிறார்கள்; சிலர், நிலம் இழந்த விவசாயிகளையும் சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளர்களையும் பற்றி எழுதுகிறார்கள். ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து இன்றுவரை இப்பிரதேசத்திற்குள் வந்து குடியேறியவர்களோடு அவர்களுடைய தெய்வங்களும் வழிபாடுகளும் வந்து குடியேறின என்பதும், அவற்றோடு கிறிஸ்தவச் சபைகள் பலவும் கடை மாடிகளிலும் கலியாண மண்டபங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் தோன்றின என்பதும், அச்சபைகளை நடத்துகின்ற போதகர்களில் பலர் சில ஆண்டுகளுக்குள் மனந்தளர்ந்து வேறிடம் நாடிவிடுகின்றனர் என்பதும் இதுகாறும் ஆராய்ச்சிக்குரிய விஷயங்களாகக் கருதப்படவில்லை.

இக்கட்டுரை அவற்றுள் ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்கிறது: ஆயர் பணியின் இடுக்கண்களுக்கிடையே ஒருவர் சோர்ந்து போகாமல் நிற்பது எதனால்? தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர்களையும், எந்த ஸ்தாபனத்தின் ஊதியமும் இன்றிச் சபையாரின் காணிக்கையைக் கொண்டு ஜீவிக்கின்ற சுயாதீனச் சபைகளின் போதகர்களையும் இங்கே ஒருசேர 'ஆயர்' என்ற சொல்லால் குறிக்கிறேன். கத்தோலிக்கக் குருக்களின் வாழ்க்கை அமைப்பு வேறானது; அது தனியே ஆராயத்தக்கது.

என் துணிபை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஊக்கம் என்பதை ஆயரின் உள்ளத்தில் ஊறும் ஒரு குணமாகக் கொண்டு, அது வற்றினால் அவரையே குற்றஞ்சாட்டுகின்ற வழக்கம் சான்றுகளோடு பொருந்தவில்லை. நிலைத்து நின்றவர்களின் சரித்திரத்தைப் பார்த்தால், அவர்களைச் சுற்றிச் சில ஏற்பாடுகள் இருந்தன. அந்த ஏற்பாடுகள் கலைந்த இடத்தில், மற்றவர்க்குக் குறையாத விசுவாசம் உடையவர்களும் தளர்ந்தனர்.

வழக்கிலுள்ள விளக்கங்கள்

கன்வென்ஷன் மேடைகளிலும் போதகர் கூடுகைகளிலும் அடிக்கடி கேட்கப்படுவது பக்தி சார்ந்த விளக்கம். சோர்வு என்பது ஜெபக்குறைவின் அடையாளம். உபவாசமும் முழு இரவு ஜெபமுமே அதற்கு மருந்து என்பது அதன் சாரம். இதனை அலட்சியமாகத் தள்ளிவிடுவது நியாயமன்று. நெடுங்காலம் ஊழியஞ்செய்த எவரைக் கேட்டாலும், அதிகாலையில் தனித்திருந்த நேரமே தம்மைத் தாங்கிற்று என்று சொல்வார். அவ்வாக்குமூலத்தை மறுக்க நமக்கு ஆதாரமில்லை. ஆயினும் தளர்ந்தவர் ஜெபிக்காதவர் என்ற மறுதலை அதிலிருந்து பெறப்படுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைத் தம் பிரசங்கத்தால் ஈர்த்த ஸ்பர்ஜன், 1856 அக்டோபர் 19 அன்று சர்ரே கார்டன்ஸ் அரங்கத்தில் நெருக்கடியில் ஏழு பேர் உயிரிழந்ததைக் கண்டபின், வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வுக்கு ஆளானவர். தம் மாணாக்கருக்கு ஆற்றிய சொற்பொழிவுகளில் ஒன்றை ஊழியக்காரரின் மனத்தளர்ச்சிக்கென்றே ஒதுக்கிய அவர், ஜெபத்தைப் பேசியதோடு நில்லாமல், நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பதன் கேட்டையும் கடற்காற்றின் நன்மையையும் பேசினார். மேடைகளில் ஸ்பர்ஜனை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தச் சொற்பொழிவை மேற்கோள் காட்டக் கேட்டதில்லை.

இரண்டாவது, மனோதத்துவ விளக்கம். இறையியல் கல்லூரிகளின் வழியாக நம்மிடம் வந்துள்ள இது, அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் சூசன் ஜாக்ஸனுடன் வெளியிட்ட அளவுகோலைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. உணர்ச்சி வறண்டு போதல், பிறரை மனிதராகக் காணாமல் வெறும் அலுவலாகக் காணுதல், தாம் செய்ததெல்லாம் வீண் என்று எண்ணுதல் ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. ஆயர்களிடம் இம்மூன்றையும் காணலாம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம்மவர் இக்கருத்தை எடுத்துக்கொண்ட விதத்தில் ஒரு குறை இருக்கிறது. மாஸ்லாக் அம்மையாரே 1997-இல் மைக்கேல் லைட்டருடன் எழுதிய நூலில், சோர்வின் வேர் பணியாளனிடத்தில் இருப்பதைவிடப் பணியின் அமைப்பில்தான் மிகுதியாக இருக்கிறது என்று வற்புறுத்தியிருக்க, அந்தப் பாதியை விட்டுவிட்டு, ஓய்வெடுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்ற உபதேசத்தை மட்டும் நாம் தருவித்துக்கொண்டோம். ஆகவே, ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றுகிற இவ்விரு விளக்கங்களும் நடைமுறையில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: தளர்ந்த ஆயரைத் தனியே அழைத்து, உம்மைத் திருத்திக்கொள்ளும் என்று இரண்டும் சொல்லுகின்றன.

துன்பப்படுவதே மகிமை என்ற வீர விளக்கம் ஒன்றும் உண்டு. அது துன்பப்படுகிறவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது உயர்வாகவும், சம்பளம் கொடுக்க வேண்டியவர் சொல்லும்போது சௌகரியமாகவும் இருக்கிறது; அதைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

செங்கற்பட்டு மாவட்டத்தின் பழைய ஏடுகள்

இன்றைய ஆலைப் பிரதேசம் முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியான ஜான் ஆண்டர்சன் 1839-இல் காஞ்சிபுரத்தில் பள்ளி திறந்த காலந்தொட்டு, இம்மாவட்டத்தில் புராட்டஸ்டண்டு ஊழியம் தொடர்ந்து நடைபெற்று வந்திருக்கிறது. அதன் திருப்புமுனை பள்ளிகளில் நிகழாமல் சேரிகளில் நிகழ்ந்தது. மாவட்ட ஆட்சியரான டிரெமன்ஹீர் 1891-இல் இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையும், அதனையொட்டி 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும் தமிழ் வாசகர் அறிந்தவை. அதே ஆண்டுகளில் செங்கற்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்து மிஷனரி, நிலமற்றவர்களுக்காகச் சிங்கப்பெருமாள்கோவிலுக்கு அண்மையில் மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை உண்டாக்கினார். இன்று ஒரகடத்திலிருந்து கனரக வாகனங்கள் இடைவிடாது ஓடுகின்ற சாலை அதே சிங்கப்பெருமாள்கோவிலில்தான் போய் முடிகிறது.

இக்காலத்து மிஷன் அறிக்கைகளை ஊக்கத்தின் சரித்திரத்துக்குச் சான்றாகக் கொள்ளலாமா? எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்த நன்கொடையாளர்கள் படிப்பதற்கென்று எழுதப்பட்ட அவை, இடுக்கணையும் வெற்றியையும் ஒருங்கே மிகைப்படுத்தத் தூண்டப்பட்டவை. ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட 'தி பறையா பிராப்ளம்' என்ற நூல், அரசாங்க அலுவலர்களும் நிலவுடைமையாளரும் சேர்ந்து சீர்திருத்தங்களை எவ்வாறு நீர்த்துப் போகச் செய்தனர் என்பதையும், மிஷனரிகள் சேரி மக்களின் கோரிக்கைகளைத் தங்கள் சமயக் கண்ணாடியின் வழியாகவே கண்டனர் என்பதையும் இம்மாவட்டத்தின் ஆவணங்களைக் கொண்டே விளக்குகிறது. அந்நூலைப் படித்தபின் மிஷன் அறிக்கைகளை முன்போல் படிக்க இயலாது.

அவ்வறிக்கைகளில் ஏறக்குறையப் பெயரின்றியே வந்து போகின்றவர் உபதேசியார். சேரியில் குடியிருந்து, பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, இரவில் ஜெபம் நடத்தி, மிராசுதாரரின் சினம் முதலில் யார்மேல் விழுமோ அவராக இருந்தவர் அவரே. அவர் எதனால் நிலைத்தார் என்பதை அவருடைய வாய்மொழியாக அறிய நமக்கு வழியில்லை. ஆயினும் ஒரு நடைமுறை கவனிக்கத்தக்கது. மிஷன்களின் கீழ் வேலை செய்த உபதேசியார்கள் மாதத்திற்கொருமுறை தலைமை ஸ்தலத்தில் கூடுவது வழக்கமாயிருந்தது. சம்பளம் வாங்குவதற்காகவும் கணக்குக் கொடுப்பதற்காகவும் கூட்டப்பட்ட அந்த மாதக் கூட்டத்தில், மிஷனரியின் அதிகாரமும் கண்டிப்பும் இருந்தன என்பது மெய்யே; ஆனால் தனித்தனிச் சேரிகளில் ஒற்றையாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு நாளேனும் தம்மைப் போன்ற மற்றொருவரைச் சந்தித்து, தம் ஊரில் நடந்ததைச் சொல்லி, அவர் ஊரில் நடந்ததைக் கேட்டுத் திரும்பினர். அறிக்கை எழுதியவருக்கு அது நிருவாகமாகத் தோன்றிற்று. உபதேசியாருக்கு அது வேறொன்றாகவும் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பது தவறாகாது.

காஞ்சிபுரத்தில் நியூபிகின்

ஊகத்தைவிட்டு உறுதியான சான்றுக்கு வரும்போது, இப்பகுதியில் பணியாற்றிய ஆயர்களுள் தம் சோர்வையும் திடனையும் எழுத்தில் விட்டுச் சென்ற ஒருவர் நமக்குக் கிடைக்கிறார். லெஸ்லி நியூபிகின் 1909-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் பிறந்து, 1936-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாக மனைவி ஹெலனோடு இங்கே வந்தார். வந்த சில மாதங்களுக்குள் பேருந்து விபத்தொன்றில் அவருடைய கால் முறிந்தது. அறுவை மேல் அறுவையாகச் செய்தும் குணப்படாமல் தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தொடங்குமுன்னே முடிந்துவிட்டதாகத் தோன்றிய அந்த ஊழியம், 1939-இல் அவர் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் அமர்ந்தபோது மறுபடி தொடங்கிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்த நாளிலேயே, முப்பத்தேழு வயதில், மதுரை–இராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெறும்வரை அவருடைய வாழ்க்கை காஞ்சிபுரத்துத் தெருக்களிலும் சுற்றுக் கிராமங்களிலுமே கழிந்தது.

அக்காலத்தைப் பற்றி அவர் 1985-இல் வெளியிட்ட 'அன்ஃபினிஷ்டு அஜெண்டா' என்ற சுயசரிதையில் எழுதியிருப்பவை, வெற்றியின் வரலாறாக இல்லாமலிருப்பதே அவற்றின் சிறப்பு. காஞ்சிபுரம் கோயில்களின் நகரம். அங்கே ஒரு வெள்ளைக்காரப் போதகரின் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் மிகச் சிலர். அவரோ, இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு வாரந்தோறும் தரையில் அமர்ந்து, ஒரு வாரம் உபநிடதத்தையும் மறு வாரம் யோவான் சுவிசேஷத்தையும் மூலமொழிகளில் படிக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டார். மடத்துத் துறவிகள் எவரும் அதனால் கிறிஸ்தவராகிவிடவில்லை. ஆனால் தம்மோடு உடன்படாதவர்களோடு இடைவிடாது உரையாடியதனால் அவர் சிந்தனை கூர்மையடைந்தது. பலனை எண்ணிக்கையில் அளக்கும் பழக்கத்திலிருந்து அது அவரை விடுவித்தது என்றும் கொள்ள இடமுண்டு.

கிராமங்களிலோ அவர் வேறொன்றைக் கற்றார். மிஷன் சம்பளம் கொடுக்கின்ற ஒருவரையே சபையின் எல்லாப் பொறுப்புக்கும் உரியவராக்கும் முறை, சபையையும் முடக்குகிறது, அந்த ஒருவரையும் நசுக்குகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். மிஷன் முறைகளைப் பற்றி ரோலண்ட் ஆலன் 1912-இல் எழுதிய புத்தகத்தின் தாக்கம் இதில் உண்டு. ஊதியம் பெறாத கிராமத்தாரைப் பழக்கி, ஜெபம் நடத்தவும் வேதம் வாசித்து விளக்கவும் அவர்களையே பொறுப்பாக்குவதில் பின்னர் மதுரையிலும் அவர் கருத்துச் செலுத்தினார்.

1965-இல் அவர் சென்னைப் பேராயராகத் திரும்பி வந்தார். அம்பத்தூரும் எண்ணூரும் ஆலைகளால் நிறைந்துகொண்டிருந்த காலம் அது. 1974-இல் ஓய்வு பெறும்வரை அவர் செய்த காரியங்களுள் நமது வினாவுக்கு நேரே விடை தருவது, நகரத்து ஆயர்களின் மாதாந்தரக் கூடுகையாகும். ஒரு காலை வேளையில் எல்லோரும் கூடித் திருவிருந்தில் பங்குபெற்று, சேர்ந்து சிற்றுண்டி அருந்தி, பிறகு ஆயர் பணியைப் பற்றிப் பேராயர் பேச, அதன்மேல் விவாதிப்பார்கள். அப்பேச்சுகளே 'தி குட் ஷெப்பர்டு' என்ற சிறு நூலாக வெளிவந்தன. நூலாக அதைப் படிக்கின்றவர்கள் அதிலுள்ள போதனையைக் காண்பார்கள். போதனைக்கு முன்னே நடந்த திருவிருந்தும் சிற்றுண்டியும் நூலில் ஏறவில்லை. எனக்கோ, உபதேசியார்களின் பழைய மாதக் கூட்டத்தை அதன் அதிகாரக் களிம்பைத் துடைத்துவிட்டு அவர் மீண்டும் நிறுவியதாகவே தோன்றுகிறது.

சான்றின் வரம்பு

இவ்வளவும் சொன்னபின், நியூபிகினை உதாரணமாகக் கொள்வதற்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சம்பளம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. சபையார் அதிருப்தியடைந்தால் அவர் வீட்டு அடுப்பு அணையாது. காலனியாட்சியின் கடைசி ஆண்டுகளில், ஆங்கிலேயர் என்பதே ஒரு காப்பாக இருந்தது. சுயசரிதை எழுதுகிறவர் எழுபத்தைந்து வயதில் திரும்பிப் பார்த்து எழுதும்போது, முப்பது வயதின் இரவுகள் சற்று வெளுத்துத் தெரிவது இயல்பு. அவருடைய திடனுக்கு எவ்வளவு பங்கு அவர் அமைத்த ஏற்பாடுகளால் வந்தது, எவ்வளவு பங்கு அவர் பிறந்த இடத்தால் வந்தது என்று பிரித்துக் காட்ட எனக்கு இயலவில்லை.

ஆனால் இந்த ஆட்சேபத்துக்கு எதிராக அவருடைய பிற்கால வாழ்க்கையே ஒரு சோதனையாக அமைந்திருக்கிறது. ஓய்வுக்குப்பின் சென்னையிலிருந்து பேருந்து பேருந்தாக மாறி இங்கிலாந்து சென்றடைந்த அவர், எழுபது வயதில் பர்மிங்ஹாம் நகரத்தில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில், மூடிவிட எண்ணியிருந்த மிகச் சிறிய சபையொன்றை ஏற்றார். சொந்த நாட்டில், சொந்த மொழியில் செய்த அந்த ஊழியமே இந்தியாவில் செய்ததையெல்லாம்விடக் கடினமாயிருந்தது என்று அவர் சொன்னார். இங்கிலாந்து திரும்பியதில் மிகப் பெரிய இடர்ப்பாடு எது என்று கேட்டவர்களுக்கு, மக்களிடம் நம்பிக்கை மறைந்துபோயிருந்ததே என்று விடையளித்ததையும், சென்னையின் மிகக் கீழான குடிசைப் பகுதியிலும் நிலைமை சீர்ப்படும் என்ற எண்ணம் இருந்ததென்று ஒப்பிட்டதையும் 1983-இல் எழுதிய நூலின் தொடக்கத்தில் குறித்திருக்கிறார். இதிலிருந்து ஒன்று தெரிகிறது: ஆயரின் ஊக்கம் சபையாருடைய எதிர்பார்ப்போடு பிணைந்தது, ஊர் முழுவதும் எதிர்காலத்தைக் கைவிட்டிருக்கும்போது ஒருவர் மட்டும் அதைப் பற்றிக்கொண்டிருப்பது அரிது.

ஆலைப் பிரதேசத்துச் சபை

அந்த ஒப்பீட்டை நம் காலத்துக்குக் கொண்டுவந்தால் என்ன கிடைக்கும்? ஒரகடத்துப் பக்கம் வேலைக்கு வருகின்ற இளைஞனிடம் நம்பிக்கைக்குக் குறைவில்லை. வேலைக்கு வந்திருப்பதே நம்பிக்கையின் அறிகுறி. ஆனால் அவனுடைய நம்பிக்கைக்குத் தவணை உண்டு. பயிற்சியாளராகவும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் குறித்த காலத்துக்கு எடுக்கப்படுகின்றவர்கள் அக்காலம் முடிந்ததும் வேறு கம்பெனிக்கோ சொந்த ஊருக்கோ போய்விட வேண்டும். ஆலைகளுக்கும் ஆயுள் நிச்சயமில்லை: 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த நோக்கியா ஆலை, 2014 நவம்பர் முதல் தேதி நின்றுபோயிற்று. அன்று வேலையிழந்தவர்களின் குடும்பங்களோடு சில சபைகளும் கலைந்தன என்று இப்பகுதியில் ஊழியஞ்செய்கிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆயர் பணியைப் பற்றி நமக்குள்ள சித்திரமெல்லாம் நிலைத்த ஊரைச் சேர்ந்தது. ஞானஸ்நானம் கொடுத்த கையே கலியாணம் செய்துவைத்து, அக்கலியாணத்தில் பிறந்த பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும். கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் பெயர் இருக்கும். விதைத்ததைத் தாமே அறுக்காவிட்டாலும், முளைத்ததையாவது காணும் பாக்கியம் கிராமத்து ஆயருக்கு உண்டு. இங்கே அது இல்லை. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு அண்மையில், இரும்புக் கடையொன்றின் மாடியில் நடக்கும் சபைக்கு நான் சென்றிருந்தபோது, போதகர் தம் சபைப் பதிவேட்டைக் காட்டினார். நீளக் குறிப்பேடு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று பத்திகள். முதலாவதில் கம்பெனியின் பெயர். இரண்டாவதில் ஊர், அவற்றுள் ஒடிசாவும் ஜார்க்கண்டும் நாகர்கோவிலுக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே கலந்து கிடந்தன. மூன்றாவதில் வேலைத் தவணை முடிகின்ற மாதம். பிறந்த நாளைக் குறிக்க வேண்டிய இடத்தில் பிரிகின்ற மாதத்தைக் குறித்துவைத்திருக்கும் பதிவேட்டை நான் வேறெந்தச் சபையிலும் கண்டதில்லை.

ஆராதனை நடந்துகொண்டிருக்கையில், இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே வந்த சிலர், அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சுவரோரம் சாய்ந்து உறங்கிப் போனார்கள். மூப்பர் ஒருவர் எழுப்பப் போனார். போதகர் மேடையிலிருந்தபடியே தடுத்தார்: "விடுங்கய்யா, ராத்திரியெல்லாம் நின்னு வேலை பாத்த புள்ளைங்க, இங்கயாவது தூங்கட்டும்." பவுல் நள்ளிரவுவரை பேச, தூக்க மயக்கத்தால் சன்னலிலிருந்து விழுந்த ஐத்திகுவின் கதையை நினைத்துச் சபையார் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. அவர்களும் அடுத்த வாரம் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள்.

இவையன்றி வெளி நெருக்கடிகளும் உண்டு. கட்டட விதிகளின்படி வழிபாட்டிடம் அமைக்க மாவட்ட ஆட்சியரின் முன்னனுமதி தேவை. அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காதவரையில் வாடகை இடத்தில் நடக்கும் சபை, கட்டட உரிமையாளரின் மனத்தையும் அக்கம்பக்கத்தாரின் பொறுமையையும் நம்பியே இருக்கிறது. ஆலை வந்தபின் வாடகை ஏறிற்று; சபையார் மாறிக்கொண்டே இருப்பதால் காணிக்கை ஏறவில்லை. ஆகவே போதகர்களில் சிலர் பகலில் ஒரு வேலையும் பார்க்கிறார்கள். கொரிந்துவில் ஆக்கில்லாவோடு கூடாரம் பண்ணின பவுல் அவர்களுக்கு ஆறுதல். ஆனால் பவுலுக்கு ஷிப்ட் இல்லை.

தொழிலாளரிடையே ஆயர் பணி என்ற பிரச்சினை நமக்குமட்டும் உரியதன்று. பாரிஸில் 1944-இல் தொடங்கிய முயற்சியில் கத்தோலிக்கக் குருக்கள் தாமே ஆலைத் தொழிலாளராகப் போய்ச் சேர்ந்தனர். ரோமாபுரி 1954-இல் அதை நிறுத்தி, 1965-இல் மீண்டும் இடங்கொடுத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் அதே 1944-இல் டெட் விக்கம் என்ற குரு, எஃகு ஆலைகளுக்குள்ளேயே தொழிலாளரைச் சந்திக்கும் பணியைத் தொடங்கினார். ஆனால் அங்கே பிரச்சினை, பரம்பரையாக ஒரே ஊரில் வாழ்ந்த தொழிலாளர் கோயிலுக்கு வராதது. இங்கே தொழிலாளர் வருகிறார்கள். தங்குவதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை. ஆகவே அந்நாட்டு மாதிரிகள் நமக்கு அதிகம் உதவா.

எவ்வகை ஏற்பாடுகள்?

தளர்ந்த ஊழியக்காரனைப் பற்றி வேதம் கூறுகின்ற பழைய கதையொன்றை இவ்விடத்தில் நினைவுகூரலாம். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பிய எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு, மறுபடியும் உறங்கவிட்டான். அதன்பின் ஓரேப் பர்வதத்தில், நான் ஒருவனே மீந்திருக்கிறேன் என்று எலியா சொன்ன கணக்குத் தவறு என்று காட்டப்பட்டது. கூடவே எலிசா என்ற துணையும் குறிக்கப்பட்டான். உணவு, உறக்கம், திருத்தப்பட்ட கணக்கு, துணை என்ற இந்த வரிசையில் கண்டனம் எங்கும் இல்லை. பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடைசி நிருபத்தில், தேமா தம்மை விட்டுப் போய்விட்டதைச் சொன்ன கையோடு, துரோவாவில் கார்ப்புவினிடம் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கேட்டு, மாரிகாலத்துக்கு முன் வந்துசேரும்படி வேண்டிக்கொள்கிறார். வியாக்கியானக்காரர்கள் இந்த வசனங்களை அந்தரங்க விவரங்கள் என்று கடந்துபோவதுண்டு. நமது விசாரணைக்கு அவையே முக்கியமானவை.

இவ்வொளியில் பார்த்தால், ஆலைப் பிரதேசத்தில் வேண்டுவன மூன்று என்பது என் கருத்து. அவற்றுள் முதலாவதான ஆயர்களின் மாதாந்தரக் கூடுகை பற்றி மேலே சொன்னேன்; இங்கே அது சபைப் பிரிவுகளைக் கடந்ததாக இருந்தாலன்றிப் பயனில்லை, ஏனெனில் ஒரே பிரிவைச் சேர்ந்த போதகர்கள் ஒருவருக்கொருவர் மேலதிகாரியாகவோ போட்டியாளராகவோ இருக்கிறார்கள். இரண்டாவது, பணியைப் பகிர்தல். ஒடியா பேசுகிறவர்களுக்கு ஒடியா பேசுகிற தொழிலாளியே ஹாஸ்டல் அறையில் ஜெபம் நடத்தினால், போதகர் கற்க முடியாத மொழியைக் கற்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. (இப்பகுதியில் இது புதுச் செய்தியும் அன்று. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர் தமக்குப்பின் எழுபத்துநான்கு சிம்மாசனாதிபதிகளை நியமித்துச் சம்பிரதாயத்தைப் பரப்பினார் என்று குருபரம்பரை கூறும். பொறுப்பைப் பலர் தலையில் பகிர்ந்து வைப்பதன் அருமை அறிந்த மண் இது.)

மூன்றாவது, கணக்கைத் திருத்துதல். தவணை முடிந்து போகின்றவனை இழப்பாக எண்ணுகிற வரையில், இப்பிரதேசத்தில் எந்த ஆயருக்கும் ஆறுதல் கிடையாது. ஆண்டிறுதியில் அவர் பதிவேடு எப்போதும் தோல்வியையே காட்டும். மேற்சொன்ன போதகர் இதற்கும் ஒரு வழி கண்டிருந்தார். மூன்றாவது பத்தியில் குறித்த மாதம் நெருங்கும்போது, போகிறவனுடைய ஊரிலுள்ள சபையொன்றின் போதகரைக் கைப்பேசியில் தேடிப் பிடித்து, இன்னார் இன்ன தேதியில் வருகிறார் என்று சொல்லிவைக்கிறார். ஆதித் திருச்சபையில் யாத்திரை போகிறவர்களுக்குக் கொடுத்த சிபாரிசு நிருபங்களை அவர் படித்திருந்தாரோ என்னவோ, அந்த வழக்கத்தைத் தம் தேவையிலிருந்தே மறுபடி கண்டெடுத்துவிட்டார். அப்படி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டேன். பாதிப்பேராவது இருக்கும் என்றார். பாதி என்ற சொல்லை அவர் சந்தோஷமாகவே சொன்னார்.

ஏடுகளில் இல்லாதவர்

ஊக்கம் ஏற்பாடுகளால் வருவது என்ற என் துணிபைத் தொல்லைப்படுத்துகின்ற ஒன்று எஞ்சியிருக்கிறது. நியூபிகினுக்கு ஒரு ஹெலன் இருந்தார். காஞ்சிபுரத்திலும் மதுரையிலும் சென்னையிலும் வீட்டையும் விருந்தாளிகளையும் பிள்ளைகளையும் அவரே தாங்கியிருக்க, கணவருடைய நூல்களில் அவர் நன்றியுரையிலும் பயணக் குறிப்புகளிலுமே பெரும்பாலும் தென்படுகிறார். உபதேசியாரின் மனைவியோ அறிக்கைகளில் அந்த அளவுகூட இல்லை.

இன்றைய ஆலைப் பிரதேசத்தில் இந்தக் குறை முன்னிலும் பெரிதாகிறது. மின்னணு ஆலைகளில் வேலை செய்பவருள் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். வல்லம்–வடகாலில் 2024 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் உணவால் பலர் நோய்ப்பட்டபோது நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தவர்கள் இத்தகைய பெண்களே. இப்பெண்களின் விடுதிக்குள் ஆண் போதகர் நுழைய முடியாது; நுழையலாகாது. அவர்கள் தங்கள் உடம்பின் துன்பத்தையும், ஊரில் பேசிவைத்த கலியாணத்தையும், லைனில் சூப்பர்வைசர் சொன்ன வார்த்தையையும் கைப்பேசியில் சொல்லுவது போதகரின் மனைவியான 'பாஸ்டரம்மா'விடத்தில்தான். தென்னிந்தியத் திருச்சபை 1970-களிலேயே பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்கத் தொடங்கி, 2013-இல் ஒரு பெண்ணைப் பேராயராகவும் ஆக்கிற்று. சுயாதீனச் சபைகளில் பெரும்பாலானவற்றில், இதே பணியைச் செய்கின்ற பெண்ணுக்குப் பட்டமும் இல்லை, படியும் இல்லை.

போதகர் கூடுகைகள் வழக்கமாக நடப்பது, ஞாயிற்றுக்கிழமையின் களைப்பு தீரட்டும் என்று திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை காலையில். அந்நேரத்தில் கணவர் கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போக, மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பலவிடங்களில் குடும்பத்தின் நிச்சயமான ஒரே வருமானமாயிருக்கிற தம் ஆசிரியை வேலைக்கோ தையலுக்கோ போகிறார்; இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் அறைக்குத் திரும்பி அவரைக் கூப்பிடுவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான்.